கல்யாண டிவிடிகளைக் காப்பாற்ற: டிஸ்க்கில் பிழைதிருத்தம் பற்றி ஒரு விரிவான பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் அப்பா நடத்திய ஸ்டுடியோவின் கல்யாண டிவிடிகள் முந்நூறுக்கு மேல் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவை ஓடுகின்றன, சில மட்டும் டிரைவில் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் ப்ளூரே டிஸ்க்குக்கு மாற்றப் போகிறீர்கள். டிஸ்க்குக்குள்ளேயே பிழைதிருத்தம் (படிக்கும்போது வரும் தப்புகளைச் சரிசெய்யும் கூடுதல் தரவு) இருக்கிறதாமே, அப்புறம் டிவிடிசாஸ்டர், பார்2 என்று பிழைதிருத்த மென்பொருள்கள் தனியாக எதற்கு, வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

தனியாக வேண்டும். டிஸ்க்குக்குள் இருக்கும் பிழைதிருத்தம் நல்ல வேலைதான் செய்கிறது, ஆனால் அது டிஸ்க் கெட்டுக்கொண்டு வருவதை நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. அதன் கையிருப்பு தீர்ந்த அன்றைக்குத்தான் நமக்கு விஷயமே தெரியும். ஆகவே இரண்டாவது கையிருப்பு ஒன்றை, டிஸ்க் முழுவதற்கும் சேர்த்து, எழுதுகிற அன்றே உண்டாக்கி வைத்துவிட வேண்டும். டிஸ்க் கெட்ட பிறகு அதை உண்டாக்க எந்த வழியும் கிடையாது. நான் புதுச்சேரியில் பல வருடமாக ஆவணங்களை ஸ்கேன் செய்து டிஸ்க்கில் ஏற்றிப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன். இந்த ஒன்றை எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1960ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். சிடி, டிவிடி, ப்ளூரே, டிவிடிசாஸ்டர், பார்2 எல்லாமே அந்த ரீட்-சாலமன் முறையில்தான் நிற்கின்றன. அதன் சாரம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

4, 7 என்று இரண்டு எண்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத் தாளில் முதல் இடத்தில் 4, இரண்டாம் இடத்தில் 7 என்று புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளி வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போகும். அதை நீட்டினால் மூன்றாம் இடத்தில் 10, நான்காம் இடத்தில் 13 வரும். இப்போது 4, 7, 10, 13 என்று நான்கையும் எழுதி வைக்கிறோம். இதில் எந்த இரண்டு அழிந்தாலும் கவலை இல்லை. முதல் இரண்டும் போய் 10, 13 மட்டும் மிஞ்சியது என்றால், இடத்துக்கு இடம் 3 கூடுகிறது, பின்னோக்கி வந்தால் 7, 4 கிடைத்துவிடும்.

இன்னொரு நிலைமையும் உண்டு. எதுவும் அழியவில்லை, ஆனால் ஒரு எண் தப்பாகிவிட்டது, எது தப்பு என்று நமக்குத் தெரியாது: 4, 7, 11, 13. கோடு போட்டுப் பாருங்கள். 4, 7, 13 மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன, 11 மட்டும் விலகி நிற்கிறது. அதைத் திருத்தி 10 ஆக்கிவிடலாம். ஆனால் இரண்டு எண்கள் தப்பாகி, எவை என்றும் தெரியாவிட்டால் கதை முடிந்தது.

கூடுதலாக இரண்டு எண் எழுதினால், எங்கே போனது என்று தெரிந்த இழப்பு இரண்டைத் தாங்கும். எங்கே என்று தெரியாத பிழை ஒன்றைத்தான் தாங்கும். சரிபாதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதற்கு வேலை இருக்கிறது. உண்மையான டிஸ்க்கில் நேர்கோட்டுக்குப் பதிலாக நிறைய வளைவுகள் கொண்ட கோடு, சாதாரண எண்களுக்குப் பதிலாக 256 எண்கள் மட்டுமே கொண்ட ஒரு தனி எண் உலகம், அதனால் ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒரு பைட்டில் அடங்கிவிடும். மற்றபடி இதேதான்.

இனி டிஸ்க்குக்கு வருவோம். 1982ல் விற்பனைக்கு வந்த சிடியில் 24 பைட் தரவுக்கு 8 பைட் கூடுதல், அதுவும் இரண்டு அடுக்காக. முதல் அடுக்கில் 24 பைட்டை 28 ஆக்குகிறார்கள், அடுத்த அடுக்கில் அந்த 28ஐ 32 ஆக்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஒரு தொகுப்பின் பைட்டுகளை அடுத்தடுத்து எழுதாமல் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளில் சிதறடித்து எழுதுகிறார்கள். தடத்தில், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சுருள் கோட்டில், அளந்தால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தூரத்துக்குப் பரவிவிடும். அதனால் ஒரே இடத்தில் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அழிந்தாலும், ஒவ்வொரு தொகுப்புக்கும் போவது நாலு பைட்தான். அது திருத்தக்கூடிய அளவு.

டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான். நடுவிலிருந்து வெளியே போகும் கீறல் ஆயிரக்கணக்கான தடங்களைக் குறுக்கே வெட்டினாலும், ஒவ்வொரு தடத்திலும் மயிரிழை அளவுதான் சேதம். பிழைதிருத்தம் அதைச் சிரமமே இல்லாமல் விழுங்கிவிடும். வட்டமாக விழுந்த கீறல் ஒரே தடத்தோடு ஒட்டியே ஓடும். அரை சென்டிமீட்டர் நீளம் போனாலே தொகுப்பு தொகுப்பாகப் போய்விடும். ஸ்டுடியோ டிவிடிகளை சட்டை நுனியால் சுழற்றித் துடைக்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

டிவிடியில் ஏற்பாடு இன்னும் பெரிது. 32 கேபி தரவை 192 வரிசை, 172 நெடுவரிசை கொண்ட கட்டமாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 10 பைட் கூடுதல், கட்டத்துக்குக் கீழே 16 வரிசை கூடுதல். ஆக 208க்கு 182. ஒரு வரிசையில் 5 பைட் வரை தப்பு இருந்தால் வரிசையே தன்னைத் திருத்திக்கொள்ளும். அதற்கு மேல் என்றால் ‘இந்த வரிசை போச்சு’ என்று அடையாளம் போட்டு நெடுவரிசைகளிடம் விட்டுவிடும். எது போனது என்று தெரிந்துவிட்டதால் அந்த 16 கூடுதல் வரிசையும் சேர்ந்து 16 வரிசையை மீட்டுத்தரும். தடத்தில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்.

பதினேழாவது வரிசையும் போனால்? கட்டமே போச்சு. 16 செக்டார் (செக்டார் என்பது டிஸ்க் தரவின் 2,048 பைட் துண்டு), 32 கேபி, மொத்தமாக. வீடியோவில் அது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் டிரைவ் விடாது; வேகத்தைக் குறைத்து, லென்ஸை நகர்த்தி, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். உங்கள் டிரைவ் சுற்றிக்கொண்டே இருப்பது அதனால்தான். அந்த 32 கேபி ஃபைல் பட்டியல் இருக்கும் இடமாக அமைந்துவிட்டால், மற்ற 4 ஜிபியும் பழுதில்லாமல் இருந்தும் டிஸ்க் வெற்று டிஸ்க் போலக் காட்டும்.

(இங்கே ஒரு சின்ன உதவிக் குறிப்பு. டிவிடி வீடியோவில் ஐஎஃப்ஓ என்று முடியும் ஃபைல் கெட்டிருந்தால், அதே பெயரில் பியுபி என்று முடியும் ஃபைலைப் பாருங்கள். அது முன்னதன் அச்சு அசல் நகல். ஒரே சேதத்தில் இரண்டும் போகக்கூடாது என்று வேண்டுமென்றேதான் வேறு கட்டத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.)

இப்போது முக்கியமான இடம். டிவிடியின் தர விதிப்படி, அடுத்தடுத்த 8 கட்டங்களில் இருக்கும் 1,664 வரிசைகளில் 280 வரிசை வரை பிழை இருந்தாலும் அது நல்ல டிஸ்க்தான். ஆறில் ஒரு வரிசை! புது டிஸ்க்கிலேயே பிழைகள் இருக்கும். டிரைவ் திருத்தித் திருத்தித்தான் நமக்குக் கொடுக்கிறது. வருடம் போகப் போக அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். 100 ஆக இருந்தது 300 ஆகும், 800 ஆகும். படம் மட்டும் துளிகூட மாறாமல் ஓடும். பிறகு ஒரு நாள் ஒரு கட்டம் எல்லை தாண்டும், அடுத்து பத்து, அடுத்து ஆயிரம். எங்கள் ஊரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவச் சுவடிகள் 2005ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியவை. ஓலையைப் பூச்சி அரித்தால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும், அரிக்காத எழுத்தைப் படிக்கலாம், இன்னும் அரிப்பதற்குள் படியெடுத்துவிடலாம். டிஸ்க் அந்த அவகாசத்தை நமக்குத் தராது. ‘நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று நீங்கள் எழுதியிருக்கும் டிஸ்க்குகளில் எத்தனை விளிம்பில் நிற்கின்றன என்று ஓட்டிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நம் கடற்கரை இந்த வேகத்தைக் கூட்டத்தான் செய்யும். எழுதக்கூடிய டிவிடியில் தரவு இருப்பது ஒரு கரிமச் சாயத்தில், அதற்குப் பின்னால் மெல்லிய உலோகப் பூச்சு, இரண்டையும் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெயிலும் வெளிச்சமும் சாயத்தைக் கெடுக்கும். ஈரம் விளிம்பு ஒட்டின் வழியே நுழையும். டிஸ்க்கை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் நிறம் வெளுத்துத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், அல்லது ஊசி குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால், அந்த டிஸ்க்கை வரிசையில் முதலில் வையுங்கள்.

அப்புறம் அந்த ஸ்டிக்கர். மணமக்கள் படம் அச்சிட்டு டிவிடி முழுக்க ஒட்டும் வட்டக் காகிதம், அந்தக் காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் வழக்கம். ஈரக் காற்றில் காகிதம் உப்பும், கோடையில் சுருங்கும், பிளாஸ்டிக் தட்டை இழுத்து வளைக்கும். டிஸ்க் லேசாக வளைந்தாலும் லேசர் தடத்தின் மேல் நேராக விழாது. அதற்காக ஸ்டிக்கரை உரிக்காதீர்கள்! உரிக்கும்போது டிஸ்க் இன்னும் வளையும், ஒட்டிய தட்டுகள் பிரியவும் கூடும்; சிடி என்றால் உலோகப் பூச்சே பெயர்ந்துவிடக்கூடும், அதில் தரவு அடுக்கு லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஸ்டிக்கரோடு அப்படியே படியுங்கள். டெஸ்க்டாப் டிரைவ் அதிர்ந்தால் குறைந்த வேகத்தில் படிக்க வையுங்கள்.

சரி, பழைய டிஸ்க்குகளை என்ன செய்வது? இவற்றுக்குப் பிழைதிருத்த ஃபைல் தனியாக உண்டாக்கலாம். டிவிடிசாஸ்டரில் அந்த வசதி உண்டு. டிஸ்க் நன்றாகப் படிக்கும்போது முழு இமேஜை (டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாக்கிய நகல்) எடுத்து, அதிலிருந்து ஒரு சிறு ஃபைல் தயாரித்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால், பின்னால் டிஸ்க் கெட்டாலும் மீட்கலாம். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். முந்நூறு டிவிடி என்றால் முழுசாக நிரம்பியிருந்தால்கூட 1.4 டிபிதான். ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இமேஜையே முழுசாக வைத்துக்கொள்ளலாம். ஃபைல்களை இழுத்துப் போட்டு காப்பி பண்ணாமல், டிஸ்க்கை செக்டார் செக்டாராகப் படித்து இமேஜாக எடுங்கள். அது பின்னால் பல விதத்தில் உதவும்.

படிக்க மறுக்கும் டிஸ்க்குகளுக்குப் பிழைதிருத்தம் இனி உதவாது, உண்டாக்கவில்லையே. அவற்றுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். எந்த செக்டார் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களுக்குக் கடைசியில் வரும். அதே வரைபட ஃபைலைக் கொடுத்து வேறொரு டிரைவில் ஓட்டினால், விடுபட்ட செக்டார்களை மட்டும் முயலும். ஒரு டிரைவில் படிக்க முடியாத செக்டார் இன்னொன்றில் கிடைக்கலாம். லேசரும் லென்ஸும் திருத்துகிற திறமையும் டிரைவுக்கு டிரைவ் வேறு. பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஒன்றும் லேப்டாப் டிரைவ் ஒன்றும் கைவசம் இருந்தால் நல்லது.

உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லாத வழி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று காப்பி போயிருக்கும். மாஸ்டர் இமேஜ் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றையும் அதிலிருந்தே எழுதியிருந்தால், மூன்று டிஸ்க்கும் செக்டாருக்கு செக்டார் ஒன்றே. உங்களிடம் இருப்பதில் விளிம்பு போயிருக்கலாம், பெண் வீட்டு டிஸ்க்கில் நடுவே கீறல் இருக்கலாம். சேதம் இரண்டிலும் ஒரே செக்டாரில் விழுவது அபூர்வம். உங்கள் டிஸ்க்கின் வரைபட ஃபைலோடு அவர்கள் டிஸ்க்கைப் போட்டு ஓட்டுங்கள், ஓட்டைகள் நிரம்பும். ஆரம்பிக்கும் முன் இரண்டிலும் நன்றாகக் கிடைத்த பகுதியில் ஒரு துண்டை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காப்பியையும் தனித்தனியே மென்பொருளில் தயாரித்து எழுதியிருந்தால் செக்டார்கள் இடம் மாறியிருக்கும், கலந்தால் குழப்பம்தான். அப்போது விஓபி (வீடியோ இருக்கும்) ஃபைல் அளவில் ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் பழைய வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்காதீர்கள். அவர்களிடம் இருக்கும் டிஸ்க்கும் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. போகும்போது ‘உங்களுக்கும் ஒரு நல்ல காப்பி தருகிறேன்’ என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனி புதிதாக எழுதப் போகும் ப்ளூரே.

கார்ஸ்டன் க்னோர்லிக் என்ற ஜெர்மானியர் எழுதிய இலவச மென்பொருள் டிவிடிசாஸ்டர். பெயரில்தான் டிவிடி, சிடியும் ப்ளூரேயும் அதற்குச் சம்மதம். அது ஃபைல்களைப் பார்ப்பதில்லை. இமேஜை 2,048 பைட் செக்டார்களின் நீண்ட வரிசையாகவே பார்க்கிறது. அந்த வரிசையில் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கும் செக்டார்களிலிருந்து ஆளுக்கொரு பைட் எடுத்து, பிழைதிருத்தப் பைட்டுகளோடு சேர்த்து மொத்தம் 255 கொண்ட தொகுப்பாக்குகிறது. சிடியில் 2 சென்டிமீட்டருக்குள் செய்த அதே சிதறல், இங்கே டிஸ்க்கின் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை. ஓரிடத்தில் லட்சம் செக்டார் மொத்தமாகப் போனாலும் ஒவ்வொரு தொகுப்புக்கும் போவது சில பைட்டுகள்தான். ஃபைல் பட்டியல் இருக்கும் செக்டார்களும் இதே கணக்கில் வந்துவிடுவதால், ‘வெற்று டிஸ்க்’ என்று காட்டும் நிலையிலும் மீட்க முடியும்.

முன்னால் சொன்ன பாதிக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. டிரைவ் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடுகிறது. ஆக எங்கே இழப்பு என்பது நமக்குத் தெரியும். 255ல் 32 பைட் கூடுதல் என்றால் 16ஐத் திருத்துவதற்குப் பதில் முழு 32ஐயும் மீட்கலாம்.

சதவீதத்தில் ஒரு குழப்பம் வரும், பலரும் இதில் தடுமாறுகிறார்கள். 223 பைட் தரவுக்கு 32 கூடுதல் என்பதை மென்பொருள் 14.3% என்று காட்டும், தரவைக் கீழே வைத்து வகுப்பதால். டிஸ்க்கில் எவ்வளவு போகலாம் என்றால் 255க்கு 32, அதாவது 12.5%. 191க்கு 64 என்றால் காட்டுவது 33.5%, தாங்குவது 25%. அதுவும் உச்ச வரம்பு. சேதம் அங்கங்கே சிதறி விழும்போது ஏதாவது ஒரு தொகுப்பில் மட்டும் அதிகமாக விழுந்துவிடும். அந்தத் தொகுப்பு முந்திக்கொண்டு தோற்கும். ஆகவே வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு வருகிறேன். 25 ஜிபி ப்ளூரேயில் முழு டிவிடி ஐந்து போகும், 23.5 ஜிபி. மிச்சம் 1.5 ஜிபிதான், பாதுகாப்பு 6% சொச்சம், போதாது. நான்கு போட்டால் 18.8 ஜிபி, மிச்சம் 6.2 ஜிபி, அதாவது ஏறக்குறைய 33%. டிஸ்க்கில் கிட்டத்தட்ட கால் பங்கு போனாலும் திரும்பி வரும். அந்த ஐந்தாவது டிவிடிக்கு ஆசைப்படாதீர்கள். முந்நூறுக்கு எழுபத்தைந்து டிஸ்க், அறுபதுக்குப் பதில். பதினைந்து டிஸ்க் காசு கூடுதல், அவ்வளவுதான்.

செய்முறை சுலபம். நான்கு டிவிடியின் இமேஜ்களையோ ஃபோல்டர்களையோ சேர்த்து ஒரு ப்ளூரே இமேஜ் தயாரியுங்கள். எழுதும் முன் டிவிடிசாஸ்டரில் ஆர்எஸ்02 அல்லது ஆர்எஸ்03 முறையில் அந்த இமேஜோடு பிழைதிருத்தத் தரவைச் சேருங்கள். டிஸ்க் கொள்ளளவுக்கு மிச்சம் இருக்கும் இடத்தை எல்லாம் அதுவே கணக்குப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். பிறகு இமேஜாக எழுதுங்கள். ஃபைல் பட்டியலில் கூடுதலாக எதுவும் தெரியாது, டிஸ்க் வழக்கம்போலத் திறக்கும். சேர்த்த தரவு இமேஜின் கடைசியில், அதாவது டிஸ்க்கின் வெளி விளிம்பில் போய் உட்காரும். விளிம்புதான் பெரும்பாலும் முதலில் கெடும் இடம் என்பதால், முதல் அடி வீடியோ மேல் விழாமல் அதன் மேல் விழும். எனக்குப் பிடித்த அமைப்பு இது.

ப்ளூரே எழுதும் மென்பொருளில் ஸ்பேர் ஏரியா, அதாவது டிரைவே பழுது செக்டார்களுக்கு மாற்றிடம் ஒதுக்கும் வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், டிவிடிசாஸ்டர் போட்ட கொள்ளளவுக் கணக்கு பொருந்தாமல் போகும். டிஸ்க் வாங்கும்போது எல்டிஹெச் என்று போட்டிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். டிவிடி போலவே அதிலும் கரிமச் சாயம். மற்ற ஒருமுறை எழுதும் ப்ளூரேக்களில் பதிவு அடுக்கு கனிமப் பொருள், வெளிச்சத்துக்குச் சாயம் போல இளகாது. ஆனால் ப்ளூரேயில் தரவு அடுக்கு படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கடினப் பூச்சு உண்டு என்றாலும், பிளாஸ்டிக் பவுச்சில் செருகி உருவுவதை விட்டு ஒவ்வொன்றுக்கும் கெட்டிப் பெட்டி வாங்குங்கள், நிற்க வைத்து அடுக்குங்கள்.

பார்2 என்ன செய்யும் என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் ரீட்-சாலமன்தான், ஆனால் ஃபைல் அளவில். யூஸ்நெட் என்ற பழைய இணையக் கலந்துரையாடல் வலையில் பெரிய ஃபைல்கள் துண்டு துண்டாகப் போகும்போது சில துண்டுகள் காணாமல் போகும், அதற்காகப் பிறந்தது. ஃபைல்களைத் துண்டுகளாக்கி, கூடுதல் துண்டுகள் கொண்ட ஃபைல்களை உண்டாக்கித் தரும். எத்தனை துண்டு போனதோ அத்தனை கூடுதல் துண்டு இருந்தால் போதும். அதன் பலம், டிஸ்க்கோடு கட்டுண்டு கிடக்காது. நாளைக்கு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாலும், பிறகு வேறெதற்கு மாற்றினாலும் கூடவே வரும். பலவீனம், ஃபைல் பட்டியலே போன டிஸ்க்கில் ஃபைல்களும் பார்2 ஃபைல்களும் சேர்ந்தே கைக்கு எட்டாமல் போகும். அதனால் டிஸ்க்குக்கு என் தேர்வு டிவிடிசாஸ்டர். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் இமேஜ்களுக்கு 5% அளவில் பார்2 போட்டு வையுங்கள். சத்தமில்லாமல் ஒரு பைட் மாறியிருந்தாலும் அது கண்டுபிடித்துக் காட்டும், திருத்தியும் தரும். இரண்டு மென்பொருளின் நிறுவல் ஃபைலும் கையேடும் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும். பூட்டைத் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று பாக்கி. பிழைதிருத்தம் டிஸ்க்கின் ஒரு பகுதி போனால் மீட்கும்; டிஸ்க்கே போனால் ஒன்றும் செய்யாது. 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ புயல் கரையைக் கடந்தது உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே. 2015ல் கடலூரில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் தெருத் தெருவாக வெள்ளம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் எழுபத்தைந்து டிஸ்க்கும் ஒரே ராத்திரியில் சேற்றில் கிடந்தால் 33% என்ன, 300% இருந்தும் பயன் இல்லை. அதனால் இரண்டு செட் எழுதுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், தரையிலிருந்து உயரத்தில். இன்னொன்று கடலை விட்டுத் தள்ளி, நெய்வேலியிலோ விருத்தாசலத்திலோ சொந்தக்காரர் வீட்டில். இரண்டு செட்டையும் ஒரே இமேஜிலிருந்து எழுதுங்கள், செக்டாருக்கு செக்டார் ஒன்றாக இருக்கட்டும். மேலே பெண் வீடு மாப்பிள்ளை வீடு என்று சொன்ன அதே வித்தை அப்போது இவற்றுக்கும் பலிக்கும். பணம் இரண்டாவது செட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது, பிழைதிருத்தத்துக்கு இடம் ஒதுக்க முடியாது என்று ஒரு நிலை வந்தால் இரண்டாவது செட்டையே தேர்ந்தெடுங்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒருமுறை முழுசாகப் படித்து டிவிடிசாஸ்டரில் சரிபாருங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வடகிழக்குப் பருவமழை ஈரம் எல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும் செய்யலாம். எழுபத்தைந்தையும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றிரண்டு, வெவ்வேறு சமயத்தில் வாங்கியவையாகப் பார்த்து எடுங்கள். படிக்கும் வேகத்தின் கோட்டைக் கவனியுங்கள்: உள்ளிருந்து வெளியே போகப் போக வேகம் சீராக ஏற வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால், செக்டார் எதுவும் போகாவிட்டாலும், டிரைவ் அங்கே சிரமப்படுகிறது என்று அர்த்தம். சில டிரைவ்கள் உள் பிழை எண்ணிக்கையையே வெளியே சொல்லும். விண்டோஸில் ஆப்டி டிரைவ் கன்ட்ரோல், லினக்ஸில் க்யூபிஎக்ஸ்டூல் அதைப் படித்து வரைபடமாகக் காட்டும். முதல் வருட வரைபடத்தைச் சேமித்து வைத்து, அதே டிரைவில் எடுத்த அடுத்த வருட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வேறு டிரைவில் எடுத்ததோடு ஒப்பிட்டால் அர்த்தம் இருக்காது. எண்ணிக்கை ஏறுமுகமாக இருந்தால் அந்த டிஸ்க்கை மட்டும் இமேஜ் எடுத்துப் புதிதாக எழுதிவிடுங்கள்.

வேலையை எந்த வரிசையில் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். படிக்க மறுப்பவற்றோடு இப்போது மல்லுக்கட்டாதீர்கள், அவை ஏற்கெனவே விழுந்தவை. நன்றாக ஓடுகிறவற்றில் மிகப் பழையதையும், ட்யூப்லைட்டில் விளிம்பு வெளுத்துத் தெரிந்ததையும், ஸ்டிக்கர் ஒட்டியதையும் முதலில் இமேஜ் எடுங்கள். அது முடிந்த பிறகு டிடிரெஸ்க்யூவை ராத்திரி ராத்திரியாக ஓட விட்டுக்கொள்ளலாம். டிரைவ் இரண்டு வாங்கிவிடுங்கள், ஒன்று எழுத, ஒன்று படித்துப் பார்க்க. எழுதிய டிரைவிலேயே படித்துப் பார்ப்பது முழுச் சோதனை ஆகாது.